ஊசிமலைக்கு வந்த பெட்டிகள்

முதலில் காதை வைத்துக் கேட்பார். திருகாணியைத் தொடுவதற்கு முன், மூடியைக் கழற்றுவதற்கு முன், கணினிப் பெட்டியின் தகரப் பக்கத்தில் வலது காதை ஒட்டவைத்துக்கொண்டு சரோஜாதேவி கண்ணை மூடுவார். மின்சாரம்கூட இன்னும் கொடுத்திருக்க மாட்டார். பிறகு விரல்முட்டியால் இரண்டு தட்டு. "உள்ளுக்கை ஆர் இருக்கிறியள்?" பகிடிக்குக் கேட்கிற கேள்வி அல்ல அது. ஒரு மனிதர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திருகாணியில் கை வைப்பார்.

பதுளையில் அரசாங்க அலுவலகமொன்றின் களஞ்சியக் கிளாக் அவர். வயது நாற்பத்தொன்பது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. முதல் நியமனம் எண்பத்தாறில் பதுளைக்குக் கிடைத்தது. "அப்ப திரும்பிப் போக வழியில்லாமல் நிண்டது. பிறகு வழி திறந்தும் போகேல்லை" என்பார். காதோரம் நரைத்த முடியைக் கறுப்பு ஹெயார்பின் இரண்டால் இறுக்கியிருப்பார். கைப்பையில் குடை, திருநீற்றுப் பொட்டலம், நட்சத்திரத் தலைத் திருகாணிச் சாவி, பழைய பல்துலக்கி ஒன்று. பல்துலக்கி கணினிக்குள் அடைந்த தூசியைத் தட்டுவதற்கு. ஒருமுறை பசறை பஸ்ஸில் பையைக் கிளறிய சோதனைச்சாவடிச் சிப்பாய் அந்தப் பல்துலக்கியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். தேயிலைத் தூசியும் பல்லி முட்டையும் நிறைந்த தகரப் பெட்டியை யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி மடியில் வைத்துக்கொண்டு போவது யுத்தம் நடந்த அந்த நாட்களில் சின்ன விஷயமல்ல. பெட்டியைத் திறந்து காட்டி, அலுவலகத் தலைப்புப் போட்ட கடிதத்தைக் காட்டி, இறங்கி ஏறி, அதே பஸ்ஸில் போய்விடுவார்.

களஞ்சியத்தில் ஒரு பொருளின் ஆயுள் முடிந்தால் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு குறி விழும். அலுவலகப் பேச்சில் அதற்குக் 'கொண்டெம்' என்று பெயர். கால் ஒடிந்த கதிரை கொண்டெம். தட்டச்சு இயந்திரம் கொண்டெம். தொண்ணூற்று நான்கில் மாலை போட்டுச் சூடம் கொளுத்தி வரவேற்ற முதல் கணினி, இரண்டாயிரத்து ஒன்றில் கொண்டெம். சிவப்பு மை விழுந்தவை பின்முற்றத்தில் மழையில் கிடக்கும். பிறகு யாரோ அள்ளிப்போய் ஆற்றங்கரையில் வயர்களைக் குவித்து, செம்புக்காக எரிப்பார்கள். பாலத்தில் நின்று ஒருநாள் சரோஜாதேவி அந்த நெருப்பைப் பார்த்தார். சுவாலை பச்சையாக இருந்தது. உள்ளே ஏதோ சீறிச் சீறி வெடித்தது. அன்று முழுதும் அந்த மணம் சேலையை விட்டுப் போகவில்லை.

அடுத்து சிவப்பு மை விழுந்த கணினியை அவர் ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். புத்தகம் பார்த்துக் கழற்றினார். பழுது என்று ஒன்றுமே இல்லை. புதிதாக வந்த மென்பொருளைச் சுமக்க அதற்குப் பலம் போதாது, அவ்வளவுதான். "ஆள் சாகேல்லை. புதுச் சட்டை அளவில்லாமல் போச்சு" என்று கணவர் தனேஸ்வரனிடம் சொன்னார். அளவான சட்டை எங்கே கிடைக்கும் என்று தேடியபோது லினக்ஸ் என்ற மென்பொருள் அகப்பட்டது. எழுதியவர்கள் விலை கேட்கவில்லை. விலாசம் எழுதிப் போட்டால் குறுந்தட்டைத் தபாலிலும் இலவசமாக அனுப்பிவைத்தார்கள். வெளிநாட்டு முத்திரையோடு பார்சல் வந்ததும் தபால் கந்தோரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இதுக்குள்ளை என்ன?" "நன்கொடை." "ஆர் தந்தது?" "தெரியாது." அந்தப் பதிலை அவர்கள் நம்பவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

தனேஸ்வரன் வங்கியில் வேலை. சாதுவான மனிதர். கட்டிலுக்குக் கீழே நான்கு, சாமியறை வாசலில் மூன்று, அடுப்படி மேசைக்குக் கீழே இரண்டு என்று பெட்டிகள் பெருகியதைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டிலை இப்ப பதினொரு பேர். ரெண்டு பேருக்குத்தான் பசிக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரோஜாதேவி தேயிலைத் தோட்டங்களுக்குப் போவார். வாசிகசாலை, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா, கோயில் மடம் என்று எங்கே ஒரு மேசையும் மின்சாரமும் இருந்தாலும் அங்கே ஒரு பெட்டி. பழுதானால் போய்த் திருத்துவார். தோட்டத்தில் அவர் 'சரோ மிஸ்'. பசறைக்கு மேலே இருக்கிற ஊசிமலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு ஏற்கனவே இரண்டு பெட்டிகள் கொடுத்திருந்தார். மூன்றாவதை இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் கொண்டுபோனார். பெட்டியில் காதை வைக்கிற பழக்கம் அன்றுவரை அவரிடம் இருக்கவில்லை. அதற்கு நேர்மாறான பழக்கம்தான் இருந்தது. உள்ளே பதிந்திருக்கிற எதையும் பார்க்காமல் துடைத்துவிடுவது. "மற்றவையின்ர கடிதத்தை வாசிக்கிறது வடிவில்லை" என்பார்.

அந்தப் பெட்டி ஷுக்ரி கொடுத்தது. ஷுக்ரி பசறை பஸாரில், காசுக்குப் போன் பேசவும் கணினி பார்க்கவும் விடுகிற கொமினிகேஷன் கடை வைத்திருந்தவர். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கடையை மூடிவிட்டார். வன்தட்டு இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் பகுதியைத் துடைத்து லினக்ஸைப் போட்டார் சரோஜாதேவி. இரண்டாவதைத் துடைக்கப் போனபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்ப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

பிற்பகல் மூன்றரை இருக்கும். வழக்கம்போல மலை மூடிக்கொண்டது. மூடுபனி வாசிகசாலைக்குள்ளேயே வந்து, வாசலில் கழற்றிவைத்திருந்த செருப்புகள் தெரியாமல் போய்விட்டன. சாவி வைத்திருக்கும் இராமையா, தேயிலைக் கொழுந்து ஆலையில் வேலை செய்பவர், ஜன்னலைச் சாத்தினார். பிள்ளைக்காம்பராவைப் பார்க்கிற பெண்ணொருவர் மவுசைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். திரையில் எதையோ இரண்டு தரம் அழுத்தினார். ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல் பேசியது.

"அம்மோவ்... நான்தான். கேக்குதா? நான் நல்லா இருக்கேன். அண்ணன் எப்புடி இருக்கு? மழை பேஞ்சா நம்ம கூரை இன்னும் ஒழுகுதா..."

அதோடு ஒரு கீறல் சத்தம். பிறகு பெட்டிக்குள்ளிருந்து, 'டக்... டக்...' என்று, உள்ளே இருந்து யாரோ முட்டியால் தட்டுவது போல.

இராமையா ஜன்னல் கொண்டியைப் பிடித்தபடியே நின்றார். வாசலில் அவருடைய தாய் பெரியாயி. மகனைக் கூட்டிப்போக வந்தவர், தலையில் விறகுக்கட்டு. கட்டை இறக்கி வைக்கவில்லை. அது தானாகச் சரிந்து விழுந்தது.

"கலா," என்றார் பெரியாயி. "நம்ம கலாராணி."

மவுசைப் பிடித்திருந்த பெண் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் அழுத்தினார். "அம்மோவ்... நான்தான். கேக்குதா? நான் நல்லா இருக்கேன். அண்ணன்..." இந்த முறை அங்கேயே நின்றது. 'டக்... டக்...' மூன்றாம் முறை, "அம்மோவ்... நான்தான்" என்பதற்குமேல் வரவில்லை.

சரோஜாதேவிக்கு அப்போதுதான் புரிந்தது. வன்தட்டு செத்துக்கொண்டிருக்கிறது. கேட்கக் கேட்கக் குரல் தேய்கிறது. பாய்ந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்கினார்.

பெரியாயி ஓடிவந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஏன் நிப்பாட்டுனீங்க? உள்ளுக்கு இருக்கா மிஸ். பொட்டிய தொறங்க. அன்னைக்கும் இப்புடித்தான், தொறக்க உடல."

"அம்மா, இனி ஒருக்காப் போட்டால் முழுக்கப் போயிடும். கேளுங்கோ, நான் எடுத்துத் தாறன். இப்ப தொடாதேங்கோ."

"அன்னைக்கும் தொடாதேன்னுதான் சொன்னாங்க."

தாயை வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு வந்து, இராமையா சொன்னார். தங்கச்சி கலாராணி இரண்டாயிரத்து மூன்றில் வீட்டுவேலைக்குச் சவூதிக்குப் போனவள். அடுத்த வருஷம் ஐப்பசியில் பெட்டியாக வந்தாள். ஆணியடித்து, முத்திரை போட்டு, பிளாஸ்டிக் சுற்றிய பெட்டி. கூட வந்த ஏஜன்சிக்காரர் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். தோட்டமே திரண்டு வந்து நாலாம் நம்பர் மலைக்கு மேலே மயானத்தில் அடக்கம் செய்தது. பெரியாயி மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

"அந்தக் குரல் எப்ப பேசுனது மிஸ்? அதுல தேதி இருக்குமே?"

இருந்தது. குரல் நிற்பதற்கு முன்னமே சரோஜாதேவி அதைத் திரையில் பார்த்துவிட்டார். இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி முதலாம் திகதி. கேட்டதும் இராமையா பெட்டியை விட்டு எட்டி நின்றார். அந்த வருஷம் கலாராணி எங்கேயும் போகவில்லை. இதே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. உள்ளுக்கை காசு மாதிரி ஒரு சின்ன பற்றரி இருக்கு. அது செத்தால் பெட்டிக்கு நாள் கிழமை மறந்துபோம். இது எப்ப பேசினது எண்டு இந்தப் பெட்டிக்கே தெரியாது. தங்கச்சி உயிரோடை இருக்கேக்கை அனுப்பினதாத்தான் இருக்கும்."

"செத்தவங்க குரல எடுத்துக் குடுத்தாலே போதும் மிஸ்," என்றார் இராமையா. "அம்மா அத கேட்டுக்கிட்டே இருக்கும்."

பெட்டியைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு சரோஜாதேவி பதுளைக்கு வந்தார். அடுப்படி மேசைக்குக் கீழே வைத்து இன்னொரு கணினியோடு பொருத்தினார். சாகப்போகிற தட்டிலிருந்து மிஞ்சியதைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் வாசிக்க முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு முன்னே போகும். பிறகு திரும்பி வரும். பின்னாலிருந்து வாசித்துப் பார்க்கும். ஒரு புள்ளியை ஆயிரம் தடவை தட்டிப் பார்க்கும். "ஆரோ ஒரு புண்ணியவான் எழுதிப்போட்டு, பேரும் வேண்டாம் புகழும் வேண்டாம் எண்டு விட்டிருக்கிறான்" என்றார் தனேஸ்வரனிடம். தனேஸ்வரன் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். 'டக்... டக்...' "சரோ, இது என்னைப் பாத்துத் தட்டுற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையை விறாந்தைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பதின்மூன்று நாள் தட்டியது. மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு சொல் கூடும். சில நாள் ஒன்றும் கூடாது. மின்சாரம் நின்ற ஒரு பிற்பகலில், இரண்டு கணினிகளும் அணைந்து கிடந்தபோது, மேசைக்குக் கீழே தட்டுகிற சத்தம் கேட்டதாகச் சரோஜாதேவி சொல்கிறார். "காது பழகிப்போச்சு. அதுதான்" என்று தானே விளக்கமும் சொல்வார். ஆனால் அன்று அவர் அடுப்படியில் நிற்கவில்லை. மின்சாரம் வரும்வரை படியில் இருந்தார்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை காலையில் வன்தட்டு ஓய்ந்தது. இனி அது எழும்பாது. எடுத்த துண்டுகளை ஒன்றுசேர்த்து ஹெட்போனைப் போடாமல் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். தனேஸ்வரன் கதவடியில்.

"...கூரை இன்னும் ஒழுகுதா? என்னைய வேற வீட்டுக்கு மாத்திட்டாங்கம்மா. இப்ப தம்மாம்ங்கற ஊருல இருக்கேன். கூட இருந்த அக்கா செத்துப் போச்சு. என் பாஸ்போட்டு... குடுக்க மாட்டேங்கிறாங்க... கடல் வந்துச்சாமே? டிவில காட்டுனாங்க. காலி எல்லாம் போயிருச்சுன்னாங்க. நம்ம மலைக்கும் வந்துச்சாம்மா? இந்த வீட்டு டிரைவர் வாஹித் நல்ல மனுசன், அவரு நம்பர சொல்றேன், எழுதிக்கங்க..."

நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் கீறலுக்குள் போய்விட்டது. பிறகு, "...கூப்புடுங்கம்மா" என்று மட்டும்.

சரோஜாதேவி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். கடல் வந்தது இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறில். ஊசிமலை மயானத்தில் பெட்டியை இறக்கியது ஐப்பசியில். பெட்டி மண்ணுக்குள் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு கலாராணி தொலைக்காட்சி பார்த்திருக்கிறாள்.

கதவடியிலிருந்து தனேஸ்வரன் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தப் பெட்டிக்குள்ளை ஆர்?"

சரோஜாதேவி ஒலிபெருக்கியை அணைத்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பத்து மணி பஸ்ஸைப் பிடித்தார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தவள் இப்போதும் இருக்கிறாளா? இல்லாவிட்டால், ஒரு தாயை இரண்டாம் முறை அழவைத்த பாவம் யாருக்கு? ஸ்பிரிங்வெளித் திருப்பத்தில் பஸ் மூடுபனிக்குள் நுழைந்தபோது முடிவுசெய்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்சதை அந்த மனுசிக்கு ஒளிக்க எனக்கென்ன உரிமை?"

லயத்து வரிசைவீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். பெரியாயி அழவில்லை. "அவ சாகலன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொட்டிய தூக்கும்போது எம் மக கனம் இல்ல" என்றார். உடனே எழும்பி மலைப்பக்கம் பார்த்தார். "அப்ப யாரு பெத்த புள்ளைய நான் பொதைச்சேன்?"

அன்றே இராமையாவும் சரோஜாதேவியும் ஷுக்ரியைத் தேடிப் போனார்கள். பஸாரில் போன் கார்ட் விற்கிற சின்னக் கடை இப்போது அவருக்கு. விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"அந்தக் காலம் குரல் கடிதம் நூத்துக்கணக்குல வரும் மிஸ். அங்க கம்பியூட்டர்ல பேசி அனுப்புவாங்க, நாங்க எடுத்து வைச்சிருந்து, வந்து கேட்டா போட்டுக் காட்டுற. இந்தப் பேருலயும் ஒண்டு வந்திச்சி. ஊசிமலை ஆளொருத்தர்கிட்ட சொல்லிவிட்டேன். அந்தப் புள்ள மவுத்தாப் பெய்த்துண்டு சொன்னாரு. பழைய கடிதம் பிந்தி வந்திருக்குண்டு நெனச்சி, நானும் உட்டுட்டேன்." இராமையாவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "என் கடையில இருந்தே எடுங்க. எத்தனை போன் கோலா இருந்தாலும் எடுங்க."

இரண்டு இலக்கம் தெரியாது என்றால் நூறு நம்பர். அலுவலகத்தில் பாவித்து மிஞ்சிய பழைய படிவமொன்றின் பின்பக்கத்தில் சரோஜாதேவி பூச்சியம் பூச்சியத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எழுதினார். மூன்று பிற்பகல்கள் எடுத்தார்கள். அரபு தெரிந்த ஷுக்ரி பேசுவார், சரோஜாதேவி கோடு கீறுவார், இராமையா சுவரில் சாய்ந்து நிற்பார். பல நம்பர்கள் பாவனையில் இல்லை. சிலர் ஏசினார்கள். ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நம்பரில் யாரோ எடுத்தார்கள். பேசவில்லை, வைக்கவுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஷுக்ரி கலாராணி என்ற பெயரைச் சொன்னதும் தொடர்பு அறுந்தது. அந்த நம்பருக்குச் சரோஜாதேவி கோடு கீறவில்லை, சுற்றி வட்டம் போட்டார்.

மூன்றாம் நாள், எழுபத்தொன்று. ஆண் குரல், மலையாளி. ஷுக்ரி பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் தமிழில் யாரென்று கேட்டது. ஷுக்ரி போனைச் சரோஜாதேவியிடம் நீட்டினார்.

"ஹலோ? வாஹித்தோ? நாங்கள் பதுளையிலை இருந்து. கலாராணியின்ர வீட்டாக்கள்."

"ரெண்டரை வருஷமாச்சு," என்றது குரல். "ஆரும் விளிச்சில்ல. அவ இங்க அடுக்களையிலதான் நிக்கிறா. போனை வைக்காதீங்க."

இராமையா சுவரை விட்டு ஓடிவந்தார். சரோஜாதேவி போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு கடிதங்கள், தூதரகம், சாட்சி, சத்தியக் கடதாசி. செத்ததாகப் பதிந்த ஒருத்திக்குப் பயணப் பத்திரம் கொடுப்பது எப்படி என்று எந்த மேசைக்கும் தெரியவில்லை. களஞ்சியத்துக்காரி விடவில்லை. கோப்பு எந்த மேசையில் நிற்கிறதென்று தேடிப் பிடிக்கிற வித்தை அவருக்கு இருபது வருஷத் தொழில். இரண்டாயிரத்து எட்டு பங்குனியில் கலாராணி ஊசிமலைக்கு வந்து இறங்கினாள்.

லயமே கூடி நின்றது. யாரும் கிட்டப் போகவில்லை. எல்லாரும் முதலில் பார்த்தது அவள் காலைத்தான். செருப்பில் சேறு ஒட்டியிருந்தது. பெரியாயி குனிந்து, இரண்டு குதிகாலையும் கையால் பிடித்துப் பார்த்தார். தரையில் பாரமாக அழுந்தி இருந்தன. அதன் பிறகுதான் கத்தி அழுதார்.

மலையில் புதைந்திருப்பவள் யார் என்று கலாராணிக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. "முந்தின வீட்டுல ஒம்பது நாளுதான் மிஸ் கூட இருந்துச்சு. தமிழ் பேசும். தேயிலை ஊருன்னு சொல்லுச்சு. வீட்டுக்காரங்க எங்க ரெண்டு பேரையும் மரியம்னுதான் கூப்புடுவாங்க, நான் அக்கான்னு கூப்புடுவேன். மாடிப்படியில உழுந்து செத்துப்போச்சு. அன்னைக்கே என்னைய கார்ல ஏத்தி மாத்திட்டாங்க. பாஸ்போட்டு ரெண்டும் அவங்க கையில. என்னோடத அதுக்கு வச்சு அனுப்பிட்டாங்க போல." பிறகு சொன்னாள்: "தன் புள்ளைக்கு ஒருக்கா பேசி அனுப்பிருக்கேன்னு சொல்லும். ஊரு கடைக்கு. அந்தக் குரல நான் எங்க கேட்டாலும் சொல்லிருவேன்."

சமாதியிலிருந்து கலாராணி என்ற பெயரை இராமையா உளியால் கொத்தி எடுத்தார். அந்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கலாராணி அங்கே விளக்கு வைக்கிறாள். "எம் பேருல மூணரை வருஷம் படுத்துருந்துச்சு" என்கிறாள். போலிஸில் முறைப்பாடு இருக்கிறது, மேலிடத்தில் கோப்பு இருக்கிறது. ஏஜன்சிக்காரரை மட்டும் காணவில்லை.

சரோஜாதேவி எதையும் பார்க்காமல் துடைப்பதை அதோடு நிறுத்தினார். பெட்டியில் காதை வைப்பது அப்போது தொடங்கியது. பெரகல, பசறை, லுணுகலை, பண்டாரவளை என்று மூடிய, மூடப்போகிற கொமினிகேஷன் கடைகளுக்கெல்லாம் கையெழுத்தில் கடிதம் போட்டார். பெட்டிகளை எறிய வேண்டாம், எரிக்க வேண்டாம், நானே வந்து எடுக்கிறேன். இதுவரை முப்பத்தொரு பெட்டிகள் வந்திருக்கின்றன. உள்ளே இருந்த குரல்களை முதலில் படியெடுப்பார். பிறகு உரியவர்களைத் தேடிக் கொடுப்பார். பத்தொன்பது வீட்டாருக்குக் கிடைத்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் வேண்டாமென்று கதவைச் சாத்தினார். வெறுமையான பெட்டிகள் லினக்ஸோடு மறுபடியும் தோட்டங்களுக்குப் போயின. அந்த அக்காவின் குரல் இன்னும் அகப்படவில்லை.

அதை அடையாளம் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான். ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கலாராணி பதுளைக்கு வருகிறாள். போன சனிக்கிழமையும் வந்திருந்தாள். பெரகலச் சந்திக் கடையொன்றின் பெட்டி. வெளியே மழை. தனேஸ்வரன் விறாந்தையில் பேப்பரோடு. கலாராணி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அடுப்படி மேசையில் இருந்தாள். எட்டாவது குரல். முதல் சொல்லிலேயே தலையை ஆட்டினாள்.

"இது இல்ல மிஸ். இது வேற யாரோ."

ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. மேசையில் ஊன்றிய கைகளும் அப்படியே இருந்தன. அவள் காதோரத்திலிருந்து அந்தக் குரல் நூலாகக் கசிந்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை. யாரோ ஒரு பெண் தன் பிள்ளையிடம் எதையோ எண்ணச் சொல்லி, தானும் கூடவே எண்ணுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அடுப்பில் கேத்தல் கொதிக்கத் தொடங்கி, மூடி கடகடத்தது. சரோஜாதேவி எழும்பிப் போய் அடுப்பைத் தணித்தார். அப்படியும் மூடி ஆடியது. சேலைத் தலைப்பைச் சுருட்டி அதன்மேல் வைத்து, சத்தம் எழாதபடி அமர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.